ஒன்றாம் எண் பெட்டிக்கு என்ன விலை

1

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சத்தியம் செய்யப் பக்கத்தில் வேதப்புத்தகம் இல்லை. லோடன் ஊர் தேவாலயப் பெண்கள் சங்கம் வெளியிட்ட சமையல் புத்தகம்தான் இருக்கிறது. அதன்மேல் இடது கையை வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். முட்டைக்கோஸ் அதிகாரத்தின் மேல் கை இருக்கிறது. பொய் சொன்னால் இந்த ஜென்மத்தில் எனக்கு முட்டைக்கோஸ் வேகாமல் போகட்டும்.

கதை கிடைத்த இடம், நெப்ராஸ்காவில் மக்காச்சோளத்துக்கு நடுவே கிடக்கும் அந்த லோடனின் ஒரே சாப்பாட்டுக் கடை. நான் மாட்டிறைச்சி மிளகாய்க் குழம்பில் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். (இந்தச் சேர்க்கையைக் கதைக்காக நான் புனையவில்லை. அங்கே பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்கு இதைத்தான் போட்டு வளர்க்கிறார்கள்.) கதையின் முதல் பாதியைச் சொன்னவர் மாட்டு டாக்டர். இரண்டாம் பாதியைச் சொன்னவர் முடிதிருத்துகிறவர். மூன்றாம் பாதி எனக்கே தெரியும்.

2

எப்படித் தொடங்குவது என்பதில்தான் ஒரு வாரம் போயிற்று.

முதல் முயற்சி: "அந்தத் துப்பாக்கியின் பொன்முலாம் மாலை வெயிலில் தகதகவென்று"

நிறுத்தினேன். அந்தத் துப்பாக்கியை வெயிலில் யாரும் பார்த்ததே இல்லை. பெட்டியைப் பிரித்தால் விலை போய்விடும் என்று அது பிறந்ததிலிருந்து அட்டைக்குள்ளேயே கிடக்கிறது. சத்தியம் செய்த கை சும்மா இருக்குமா.

இரண்டாம் முயற்சி: "மார்லிஸ் டோபியாஸ் அறுபத்தோரு வயதில் மறுபடியும் காதலில்"

இதையும் அடித்தேன். மார்லிஸ் படித்தால் என் பல் என்னிடம் இருக்காது.

மூன்றாவதாக வந்ததை அப்படியே விட்டுவிடுகிறேன்: லோடனில் பொய் விலை சொல்லத் தெரியாத ஒரு பெண் இருந்தாள். கடல் பார்க்க வேண்டுமென்றால் அவள் ஒரு பொய் விலை சொல்ல வேண்டியிருந்தது.

கதைத் தொழிலில் ஒரு விதி உண்டு: துப்பாக்கி என்று ஒன்று கதைக்குள் வந்துவிட்டால், முடிவதற்குள் அது வெடித்தே ஆக வேண்டும். துப்பாக்கித் தொழிலில் வேறொரு விதி: எண் போட்டு வெளியிட்ட துப்பாக்கி ஒருமுறை வெடித்தால் பாதி விலை காலி. இரண்டு தொழிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். வாசகர் வெடிச்சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். எனக்குக் கட்டுபடியாகாது.

3

ஊர் பிறந்து நூறு வருடம் ஆனதைக் கொண்டாட, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் முந்நூறே முந்நூறு துப்பாக்கிகள் செய்யச் சொன்னார்கள். அடிப்பக்கத்து வளையத்தைத் தட்டித் தோட்டா ஏற்றுகிற பழைய ரகம். ஒரு பக்கம் காட்டெருமை, மறுபக்கம் ஊரை நிறுவிய அம்புரோஸ் லோடனின் முகம், இரண்டும் பொன்முலாமில். செதுக்கியவருக்குக் கிடைத்த ஒரே புகைப்படம் அம்புரோஸுக்குப் பல்வலி வந்த நாளில் எடுத்தது. ஆகவே முந்நூறு துப்பாக்கியிலும் அவருக்கு வலது கன்னம் வீங்கியிருக்கிறது. விளம்பரத் தாளில் படம் பார்த்தவரைக்கும் எருமைதான் லட்சணம் என்று ஊரில் பேச்சு.

தீயணைப்புக் கொட்டகையில் மீன் வறுத்துப் போட்டு, யாருக்கு எந்த எண் என்று குலுக்கல் நடந்தது. ஒன்றாம் எண் கேலன் விட்டெக்குக்கு விழுந்தது. சோளக்காட்டில் சக்கரத்தின் மேல் ஊர்ந்து தண்ணீர் தெளிக்கும் நீளக் குழாய்களைப் பழுது பார்ப்பவன் கேலன். அன்றைக்கு அவன் மேலுதட்டில் ஏறிய ஒரு சின்னப் பெருமிதம் இன்னும் இறங்கவில்லை.

முந்நூறையும் ஊர்க்காரர்களே வாங்கினார்கள். முந்நூறையும் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார்கள். ஒவ்வொருவரும் ராத்திரி படுக்கும்போது, ஊரில் மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது முட்டாள்களும் தங்கள் பெட்டியைப் பிரித்துக் கெடுத்திருப்பார்கள், நமது ஒன்றுதான் மிஞ்சும் என்று நினைத்தபடி தூங்கினார்கள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பழைய துப்பாக்கி ஏன் விலை போகிறது? அதன் கூடப் பிறந்ததெல்லாம் செத்துப்போனதால். ஆற்றில் விழுந்தது, கொட்டகையோடு எரிந்தது, குடிகாரன் அதைக் கடப்பாரையாக உபயோகித்தது, இப்படி. பத்திரப்படுத்துவதற்கென்றே பிறந்த துப்பாக்கி சாவதில்லை. சாகாத கூட்டத்தில் அரியது எது? லோடனில் முந்நூறும் கல்லுக்குண்டாக உயிரோடு இருந்தன. கொடுத்த காசு கூடத் திரும்பாது. இது ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் ஒரு சுகம் இருந்தது.)

4

மார்லிஸ். இவளைப் பற்றித்தான் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். இவ்வளவு நேர்மையான ஆளைக் கதையில் வைத்தால் வாசகர் நம்புவாரா? முதல் வரைவில் அவளுக்கு ஒரு சின்னத் திருட்டுப் புத்தி வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. எடுத்துவிட்டேன்.

மாவட்டக் கண்காட்சிக் கொட்டகையில் மாதம் ஒரு ஞாயிறு துப்பாக்கிச் சந்தை கூடும். வாசலில் உப்புக்கண்டம் விற்பவன், உள்ளே வரிசையாக மேசைகள். கடைசி மேசை மார்லிஸுடையது. அவள் எதையும் விற்பதில்லை. மேசை மேல் ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பலகை: "விலை சொல்லப்படும். இங்கே அழக்கூடாது."

அவள் முதலில் பார்ப்பது குழலை இல்லை, திருகாணித் தலையை. தலை கொஞ்சம் சிதைந்திருந்தால் யாரோ திருப்புளியோடு உள்ளே போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் முகர்ந்து பார்ப்பாள். அதுவரைக்கும் கொண்டுவந்தவன் சொல்லும் எதையும் காதில் வாங்க மாட்டாள்.

"இது எங்க தாத்தா ரயில் கொள்ளைக்காரன்கிட்டேர்ந்து புடுங்கினதும்மா" என்பான் ஒருவன்.

"தாத்தாவயும் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"அவரு செத்து நாப்பது வருஷமாச்சு."

"அப்ப துப்பாக்கிய மட்டும் மேசைல வை. கதைய நீயே வச்சுக்க. நான் கதைக்கு விலை சொல்றதில்ல."

துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே என்பது அந்தத் தொழிலின் மூத்த பழமொழி. கதை எழுதிப் பிழைக்கிறவன் இதைத் தன் கையால் எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள்.

சொந்த அண்ணன் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தபோதும் அவள் தொண்ணூறு டாலர் என்றாள். அண்ணன் இன்றைக்கும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருகிறான். வாசலில் காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஜன்னல் வழியாக நீட்டுகிறான். இது அவளுக்கு ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

5

கேலன் மனைவி டோரீன் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, வியாழக்கிழமைதோறும் அவன் மார்லிஸ் வீட்டுக்குச் சீட்டாட வந்தான். (முதல் வரைவில் டோரீன் உயிரோடு இருந்தாள். கதை நகரவே இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.) அவன் பழ ஜாம் வைத்த உருண்டை ரொட்டி கொண்டுவருவான், அவள் காப்பி போடுவாள். இருவருக்கும் ஒரே குறை. நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த ஊரில் பிறந்து, ஒருநாள்கூடக் கடலைப் பார்த்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை கேலன் சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாலை வரைபடத்தை மேசையில் விரித்தான்.

"அம்மணி, ஒன்னு சொல்றேன், சிரிக்கக்கூடாது."

"சொல்லு. சிரிப்பு வந்தா சிரிப்பேன்."

"நம்ம பீட்டர்சன் கடையில ஒரு வண்டி நிக்குது. படுக்கை, அடுப்பு, கக்கூஸு எல்லாம் உள்ளாறயே. பன்னெண்டாயிரம்கிறான். அதுல ஏறி ஒரேகான் கடக்கரைக்கு... நாம ரெண்டு பேரும்."

மார்லிஸ் சிரிக்கவில்லை. காப்பியைக் கலக்கினாள். ஏற்கெனவே கலக்கிய காப்பி.

"பணம்?"

"ஒன்னாம் நம்பர வித்துடறேன். நீ வாயால ஒரு விலை சொல்லிட்டா போதும். நீ சொன்ன விலையத் தாண்டி யாரும் பேச மாட்டாங்க."

மார்லிஸ் வரைபடத்தைப் பார்த்தாள். நீல நிறம் அந்த மேசையின் ஓரத்தில் தொடங்கியது.

"விலை கொறச்சலா வந்தா?"

"எப்பிடி வரும்? ஒன்னாம் நம்பரு. வந்தா வீட்டுலயே கெடக்கேன். கடல் எங்க ஓடிடப் போவுது."

"எங்கிட்ட பணம் இருக்கு, கேலன். அதுல போலாம்."

கேலன் முகம், துப்பாக்கி மேலிருக்கும் அம்புரோஸ் மாதிரி ஒரு பக்கம் வீங்கிற்று. "பொம்பள காசுல பெட்ரோல் ஊத்தி நான் கடல் பாக்கணுமா? எங்கப்பன் கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து வண்டிய மறிப்பான்."

ஆக, நிலைமை இதுதான். உண்மை விலை சொன்னால் கேலனும் இல்லை, கடலும் இல்லை. பொய் விலை சொன்னால் மார்லிஸ் இல்லை. இதற்கு மேல் ஒரு கதாசிரியன் செய்யக் கூடிய கொடுமை எதுவும் இல்லை என்று நினைத்துப் பேனாவை மூடினேன். அப்போதுதான் மாட்டு டாக்டர் நினைவுக்கு வந்தார்.

6

"பெட்டியப் பிரி" என்றாள் மார்லிஸ். கேலன் வீட்டு வரவேற்பறை. நடுவில் ஒன்றாம் எண் பெட்டி, ஆலையில் ஒட்டிய டேப் அப்படியே.

"பிரிச்சா பாதி விலை போச்சு."

"பிரிக்காம நான் எதப் பாத்து விலை சொல்றது? அட்டைக்கா?"

"அட்டையும் நல்ல அட்டைதான்."

"யோவ், உள்ள துப்பாக்கி இருக்கா, செங்கல் இருக்கான்னே தெரியாது."

"தூக்கிப் பாரு."

அவள் தூக்கிப் பார்த்தாள். "கனமான செங்கல்."

கேலன் பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். பிரிக்காமல் பார்க்க வேண்டும், பார்த்தாலும் பிரித்ததாக இருக்கக்கூடாது. இப்படி ஒரு சிக்கலுக்கு லோடனில் ஒரே ஒருவரிடம்தான் தீர்வு உண்டு. குதிரைக் காலுக்கு எக்ஸ்ரே எடுக்கும் மாட்டு டாக்டர் கோசிக்.

(கோசிக்கை நான் முழுக்க நம்பவில்லை. முதல் வரைவில் அவருக்குத் தாடி வைத்திருந்தேன். இப்போது காணவில்லை. வாசகர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம்.)

டாக்டர் கொட்டகையில் ஒரு செவலைக் குதிரையைக் கொஞ்சம் தள்ளி நிற்கவைத்துவிட்டுப் பெட்டியை மேசைமேல் கிடத்தினார்கள். எக்ஸ்ரே தகடு சின்னது. குழல் தனி, நடு தனி, கட்டை தனி என்று மூன்று படம். டாக்டர் மூன்றையும் வெளிச்சப் பலகையில் மாட்டி வழக்கம்போல் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"குழல் நேரா இருக்கு. எலும்பு முறிவு இல்ல. ஆனா இந்த நடுப்பகுதிக்குப் பக்கத்துல ஒரு கட்டி தெரியுது."

"துப்பாக்கிக்குக் கட்டியா டாக்டரே?" கேலன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"பதறாத. நெறைய கட்டி சாதுவாத்தான் இருக்கும்."

மார்லிஸ் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தோடு முகத்தை ஒட்டினாள். வெகுநேரம் பார்த்தாள். செவலைக்குதிரைகூட எட்டிப் பார்த்ததாக டாக்டர் சொல்கிறார்.

"கரண்டி" என்றாள்.

"என்னது?"

"சாப்பிடற கரண்டி. ஆலையில எவனோ சாப்பாட்டு நேரத்துல பெட்டிய மூடியிருக்கான். மதியம் பூரா கையால சாப்பிட்டிருப்பான் பாவம்."

7

கதை இந்த இடத்தில் எனக்கு அடங்காமல் போயிற்று. நான் திட்டமிட்டது ஒரு அடக்கமான

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

மறுநாளே ஊர் முழுக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வாசலில் நின்றது. கன்று ஈனப்போகிற பசுக்களெல்லாம் பொறுத்துக்கொண்டன. கரண்டி வேறு எதிலும் இல்லை. பெட்ரோல் போடும் லோயிஸ் மட்டும் தன் பெட்டியில் ஒரு பொத்தான் தெரிகிறது என்றாள். அது டாக்டருடைய சட்டைப் பொத்தான் என்று பின்னால் தெரிந்தது.

ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முடிதிருத்துகிறவர் கரண்டிக் கட்சி: "முந்நூறுல ஒன்னாம் நம்பர்னா வெறும் நம்பரு. கரண்டியோட ஒன்னே ஒன்னு. உலகத்துலயே ஒன்னு." எதிர்க்கட்சிக்கு லோயிஸ்: "கரண்டி உரசி எருமை மூக்குல கீறல் விழுந்திருக்கும். விலை எறங்கும்."

கேலன் கடைசியில் ஒரு தர்க்கம் கண்டுபிடித்தான்.

"பெட்டியப் பிரிச்சா, கரண்டிய நானே போட்டேன்னு சொல்வாங்க. பிரிக்காத வரைக்கும் அது ஆலைக் கரண்டி. அதனால வாங்கறவனும் பிரிக்கக்கூடாது. அவன்கிட்டேர்ந்து வாங்கறவனும் பிரிக்கக்கூடாது. விலை ஏறிட்டே போகும், அம்மணி. எறங்க வழியே இல்ல."

மார்லிஸ் தனியாக வீட்டில் உட்கார்ந்து யோசித்தாள். இப்படி ஒரு துப்பாக்கிக்கு அவள் அறிந்த விலை நானூற்றைம்பது. ஒன்றாம் எண் என்பதற்குக் கொஞ்சம் கூட்டலாம். கரண்டிக்கு அவளுக்குத் தெரிந்த எந்த விலையும் இல்லை. விலை இல்லாத ஒன்றுக்கு எதைச் சொன்னாலும் அது பொய்யா? இந்தக் கேள்வியை அவள் பத்து நாள் மென்றாள் என்று எழுதினேன். எண்ணிப் பார்க்க ஆள் இல்லாததால் பத்தை எடுத்துவிடுகிறேன். நிறைய மென்றாள். நடுவில் வந்த வியாழக்கிழமை கேலன் சீட்டாட வரவில்லை. விலை சொல்கிற ஆளோடு விற்கிறவன் பழகக்கூடாதாம். ஞாயிறு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினான். உருண்டை ரொட்டியை மட்டும் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். அவள் அதைத் தின்னவும் இல்லை, எறியவும் இல்லை.

சந்தை ஞாயிறு வந்தது. உப்புக்கண்டக்காரன்கூடக் கடையை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றான். கேலன் சலவைச் சட்டை போட்டிருந்தான். மேல்பையில் வரைபடத்தின் ஒரு மூலை நீலமாகத் தெரிந்தது. மார்லிஸ் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். இறக்கினாள். கேலனைப் பார்த்தாள்.

"என்ன சொல்றே, அம்மணி?" அவன் குரல் அடங்கியிருந்தது. "எதச் சொன்னாலும் நான் கேட்டுக்குவேன்."

கேட்டுக்கொள்ள மாட்டான் என்பது கொட்டகைக்கே தெரியும்.

மார்லிஸ் வாயைத் திறந்து

8

இங்கேதான் நிறுத்த வேண்டியிருக்கிறது. என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ. "ஐநூறு. கரண்டி உங்க இஷ்டம்." கேலன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறான். முந்நூறு வீட்டிலும் அன்றிரவு சமையல் இல்லை. மார்லிஸ் அடுத்த வியாழக்கிழமையும் இரண்டு கோப்பை காப்பி போடுகிறாள், ஒன்றைக் கீழே ஊற்றுகிறாள். இந்த முடிவை எழுதிவிட்டு எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. இலக்கியம் என்று சொல்லிக்கொள்ள இதுதான் தோதானது.

ஆ. "பதிமூணாயிரம்." கொட்டகை அதிர்கிறது. அவர்கள் ஒரேகான் கடற்கரைக்குப் போய் நிற்கிறார்கள். அலை வந்து காலை நனைக்கிறது.

"எப்பிடி இருக்கு?" என்கிறான் கேலன்.

"நல்லாத்தான் இருக்கு. ஓரத்துல கொஞ்சம் துரு."

அன்றிலிருந்து அவள் எதன் விலையும் சொல்வதில்லை. உப்பு விலை கேட்டாலும் தோளைக் குலுக்குகிறாள்.

இ. அவள் அன்றைக்கு விலையே சொல்லவில்லை. தலைவலி என்று மேசையை மடித்துக்கொண்டு போய்விடுகிறாள். அந்த வாரமே, லோடனில் யாரும் பணக்காரன் என்றோ புத்திசாலி என்றோ சந்தேகப்படாத ஒரு ஆள் கேலன் வீட்டுக் கதவைத் தட்டி, அவன் கேட்ட பன்னிரண்டாயிரத்தைப் பேரம் பேசாமல் எண்ணி வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துப் போகிறான். பணம் யாருடையது என்று கேலன் கேட்கவில்லை. நோட்டுக்கட்டில் காப்பி வாசம் அடித்ததையும் அவன் கவனிக்கவில்லை. அல்லது கவனித்துவிட்டு, அப்பன் கல்லறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பினான். மார்லிஸ் பொய் சொல்லவில்லை. விலைக்கென்று வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், வாயைத் திறக்காததுதான் அவள் சொன்னதிலேயே பெரிய விலை.

எது நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கை இன்னும் முட்டைக்கோஸ் மேல் இருக்கிறது. மார்லிஸ் உங்கள் முன்னால் நிற்கிறாள், கேலன் சலவைச் சட்டையில் காத்திருக்கிறான், படம் உங்கள் கையில். கரண்டி தெரிகிறதா இல்லையா? தெரிகிறது என்றால் ஒரு எண்ணைச் சொல்லுங்கள். அவசரமில்லை, நான் வீட்டில்தான் இருப்பேன். நீங்கள் சொல்கிற எண்ணைப் பொறுத்துத்தான் அவர்கள் கடலுக்குப் போனார்களா என்பது தெரியும்.

ஒன்றாம் எண் பெட்டி, பிரிக்கப்படாமல், என் வீட்டில் விற்பனைக்கு இருக்கிறது.